சட்டாம்பிள்ளைகள் போதும்

வட இந்தியாவில் கோடை விடுமுறை முடிந்து பள்ளிகள் திறந்த சில வாரங்களில், பெரும்பாலான மேல்நிலைப் பள்ளிகளில் ஒரு விழா நடக்கும். பாண்டு வாத்தியம் முழங்கும். வெள்ளைச் சீருடையில் இருபது முப்பது பிள்ளைகள் அணிவகுத்து வருவார்கள். சிறப்பு விருந்தினராக வந்திருக்கும் கலெக்டரோ ராணுவ அதிகாரியோ அவர்கள் தோளில் பட்டை மாட்டி, சட்டையில் பேட்ஜ் குத்துவார். பிள்ளைகள் வலது கையை நீட்டி உறுதிமொழி எடுப்பார்கள். பெற்றோர் முண்டியடித்துப் போட்டோ எடுப்பார்கள். தலைமைப் பண்பு பற்றி விருந்தினர் பேசியது மறுநாள் உள்ளூர்ப் பத்திரிகையில் நாலு வரி வரும்.

மத்தியப் பிரதேசத்திலும் உத்தரப் பிரதேசத்திலுமாக இருபத்தெட்டு வருடம் சமூக அறிவியல் ஆசிரியையாக இருந்த நான், இந்த விழாவை வருடம் தவறாமல் பார்த்திருக்கிறேன். மறுநாளிலிருந்து அந்தப் பேட்ஜ் என்ன செய்கிறது என்பதையும் பார்த்திருக்கிறேன். காலைப் பிரார்த்தனையில் வரிசையை நேராக்கும். தாமதமாக வருபவர்களின் பெயரை எழுதும். நகம் வெட்டியிருக்கிறதா, ஷூவுக்குப் பாலிஷ் போட்டிருக்கிறதா என்று பார்க்கும். ஆசிரியர் வராத வகுப்பில் பேசுபவர்களின் பெயரைக் கரும்பலகையில் குறிக்கும். விருந்தினர் வந்தால் பூங்கொத்து கொடுக்கும். வருடம் முழுவதும் இவ்வளவுதான். குடிதண்ணீர், கால அட்டவணை, தண்டனை, தேர்வுத் தேதி என்று பள்ளி எடுக்கும் எந்த முடிவிலும் அந்தப் பேட்ஜுக்கு ஒரு வார்த்தை சொல்ல இடம் கிடையாது.

தமிழில் இந்தப் பதவிக்குப் பழைய பெயர் ஒன்று இருக்கிறது: சட்டாம்பிள்ளை. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் இல்லாத நேரத்தில் மற்றப் பிள்ளைகளை மேய்க்கும் மூத்த மாணவன். அவன் பிள்ளைகளின் பிரதிநிதி அல்ல, வாத்தியாரின் பிரதிநிதி. ‘சட்டாம்பிள்ளைத்தனம் பண்ணாதே’ என்று நாம் இன்றும் சொல்கிறோம். அந்தப் பதவியைப் பிள்ளைகள் எப்படிப் பார்த்தார்கள் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

இந்தச் சட்டாம்பிள்ளைக்குக் கடல் கடந்த சரித்திரமும் உண்டு. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில், சென்னை எழும்பூரில் ராணுவத்தினரின் ஆதரவற்ற பிள்ளைகளுக்கான பள்ளியை நடத்தியவர் ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார். உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைப் பார்த்து, பெரிய பையன் சின்னப் பையனுக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையைத் தன் பள்ளியில் வளர்த்தெடுத்தார். 1797-ல் அதைப் பற்றிப் புத்தகமும் போட்டார். ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரிலேயே அது இங்கிலாந்தில் பரவியது. அங்கிருந்து நமக்கு வந்து சேர்ந்தது வேறொன்று. ரக்பி பள்ளியில் 1828 முதல் 1842 வரை தலைமை ஆசிரியராக இருந்த தாமஸ் ஆர்னால்டு, மேல்வகுப்பு மாணவர்களிடம் கீழ்வகுப்புகளைக் கட்டுப்பாட்டில் வைக்கும் பொறுப்பைக் கொடுத்துப் புகழ்பெற்றார். ‘ஹவுஸ்’, ‘கேப்டன்’, ‘ப்ரிஃபெக்ட்’ எல்லாம் அந்த மாதிரிப் பள்ளிகளின் சொத்து. நாம் செய்ததெல்லாம் ஹவுஸ்களுக்கு சிவாஜி, தாகூர், அசோகா, ராமன் என்று பெயர் சூட்டியதுதான்.

இதில் தாகூர் பெயர் இருப்பது வேடிக்கை. 1901-ல் ஐந்து மாணவர்களோடு சாந்திநிகேதனில் பள்ளி தொடங்கிய அவர், ஒழுங்கு விவகாரங்களைப் பிள்ளைகளிடமே விட்டார். அவர்கள் தங்கள் தலைவனைத் தாங்களே தேர்ந்தெடுத்தார்கள். தவறு செய்தவனைத் தாங்களே கூடி விசாரித்தார்கள். 1937-ல் வார்தாவில் கூடிய கல்வி மாநாட்டுக்குப் பிறகு சேவாகிராமில் நடந்த காந்தியின் ஆதாரக் கல்விப் பள்ளியிலும், சமையலுக்கும் சுகாதாரத்துக்கும் பிள்ளைகளே ‘மந்திரி’களைத் தேர்ந்தெடுத்தார்கள். மந்திரி என்றால் மேடையில் உட்காருபவர் அல்ல. சாப்பாடு சரியில்லை என்றால் சபையில் எழுந்து பதில் சொல்ல வேண்டியவர். ஆக, நம் நாட்டிலேயே வேறு வழி இருந்தது. நாம் தாகூரின் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

நான் கடைசியாக வேலை பார்த்த பள்ளி, மத்தியப் பிரதேசத்தில் ஒரு ரயில்வே சந்திப்பு ஊரில் இருந்தது. ரயில்வே ஊழியர்களின் பிள்ளைகள், கடைக்காரர்களின் பிள்ளைகள், சுற்றுக் கிராமங்களிலிருந்து சைக்கிளில் வரும் பிள்ளைகள் என்று எல்லோரும் படித்தார்கள். ஒன்பதாம் வகுப்புக்கு 2006-ல் வந்த என்.சி.இ.ஆர்.டி. பாடப்புத்தகத்தின் பெயர் ‘ஜனநாயக அரசியல்’. நல்ல புத்தகம். கேள்வி கேட்கத் தூண்டும். தேர்தல் பற்றிய பாடத்தை நடத்திக்கொண்டிருந்தபோது, கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் எழுந்து கேட்டான்: “மேடம், நம்ம ஹெட் பாயை யார் தேர்ந்தெடுத்தாங்க?” வகுப்பு சிரித்தது. பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தது.

யார் தேர்ந்தெடுத்தது? ஸ்டாஃப் ரூமில் டீ குடித்துக்கொண்டே நாங்கள்தான். மார்க், உயரம், தடுமாறாத ஆங்கிலம் என்று மூன்று தகுதிகள். நாலாவதாக, எழுதி வைக்காத தகுதி ஒன்று உண்டு: எதிர்த்துப் பேசாதவன்.

2012-ல் புதிதாக வந்த பிரின்சிபாலிடம் இந்தக் கேள்வியைச் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “நடத்திப் பார்க்கலாமே” என்றார். ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ரகசிய வாக்கெடுப்பு. மிட்டாய்க் கடை அட்டைப்பெட்டிதான் வாக்குப்பெட்டி. பதினொன்றாம் வகுப்பு அரசியல் அறிவியல் மாணவர்கள் தேர்தல் கமிஷன். விரலில் மை வைக்க மார்க்கர் பேனா.

ஹெட் கேர்ளாக ஜெயித்தவள் நாங்கள் யாரும் எதிர்பார்க்காத பெண். ரயில்வே கேங்மேனின் மகள், பன்னிரண்டாம் வகுப்பு ஆர்ட்ஸ் பிரிவு, நடுத்தர மார்க். மற்ற வேட்பாளர்கள் பேச்சு தயாரித்துக்கொண்டிருந்தபோது இவள் மதிய இடைவேளைகளில் வகுப்பு வகுப்பாகப் போய், “உங்களுக்கு என்ன வேணும்?” என்று கேட்டு நாற்பது பக்க நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள்.

அந்தப் பட்டியலில் என்ன இருக்கும் என்று ஸ்டாஃப் ரூமில் ஊகங்கள் பறந்தன. மொபைல் போன் கேட்பார்கள், தலைமுடி வளர்க்க அனுமதி கேட்பார்கள், கிரிக்கெட் மேட்ச் நாளில் லீவு கேட்பார்கள். பட்டியல் வந்தது. முதலாவது, பெண்கள் கழிப்பறைப் பூட்டைத் திறக்க வேண்டும். இரண்டாவது, ஏப்ரலில் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் கொதிக்கிறது, நிழல் வேண்டும். மூன்றாவது, ஒரு ஆசிரியர் பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடாமல் அப்பாவின் தொழிலைச் சொல்லிக் கூப்பிடுகிறார், அதை நிறுத்த வேண்டும். நாலாவது, ஒரே நாளில் இரண்டு பரீட்சை வைக்கக் கூடாது. ஐந்தாவது, சனிக்கிழமை லீவு. மொபைல் போன் பட்டியலிலேயே இல்லை.

முதல் கோரிக்கையைப் பற்றி அவள் என்னிடம் தனியாகச் சொன்னாள்: “காலையில் வீட்டை விட்டுக் கிளம்பினா, மத்தியானம் திரும்புற வரைக்கும் நாங்க தண்ணியே குடிக்கறதில்ல மேடம். குடிச்சா போகணுமே. சில நாள்ல பள்ளிக்கே வர்றதில்ல.” எந்த நாட்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இல்லை.

அந்தப் பூட்டுக்குப் பின்னால் கெட்ட எண்ணம் ஏதும் கிடையாது என்பதைச் சொல்ல வேண்டும். குழாய்கள் உடைந்திருந்தன. ரிப்பேருக்கான பைல் எங்கோ நகர்ந்துகொண்டிருந்தது. துப்புரவுக்குக் கான்டிராக்டில் ஒரே ஒரு அம்மாள், அதுவும் இரண்டு மணி நேரம். ஆறு கழிப்பறைகளை அசுத்தமாக வைப்பதற்குப் பதில் ஐந்தைப் பூட்டிவிட்டு ஒன்றைச் சுத்தமாக வைக்கலாம் என்று யாரோ முடிவு செய்தார்கள். அலுவலகத்தின் கணக்குப்படி அது சரியான முடிவு. அந்தக் கணக்கில் தண்ணீர் குடிக்காத பிள்ளைகள் மட்டும் வரவில்லை. அவர்களைக் கேட்டிருந்தால்தானே வருவதற்கு?

மாணவர் மன்றம் மாதம் ஒரு முறை கூடியது. கூட்டக் குறிப்பில் முதல் மாதம் ‘விவாதிக்கப்பட்டது’ என்று எழுதினார்கள். இரண்டாம் மாதம் ‘பரிசீலனையில் உள்ளது’. மூன்றாம் மாதம் மறுபடி ‘விவாதிக்கப்பட்டது’. அரசாங்க ஆபீசில் நாற்பது வயதில் கற்க வேண்டிய பாடத்தை எங்கள் பிள்ளைகள் பதினேழு வயதில் கற்றுக்கொண்டிருந்தார்கள்.

காலைக் கூட்டத்தில் செய்தி வாசிப்பு, இன்றைய சிந்தனை முடிந்ததும் ‘சிறப்பு நிகழ்ச்சி’ என்று இரண்டு நிமிடம் உண்டு. பாட்டு, கவிதை, ஏதாவது. நவம்பரில் ஒரு நாள் அந்த இரண்டு நிமிடத்துக்கு ஹெட் கேர்ள் மேடை ஏறினாள். நோட்டைப் பிரித்து வாசித்தாள். பள்ளியில் பெண் பிள்ளைகள் இத்தனை பேர். அவர்களுக்குக் கழிப்பறைகள் ஆறு. திறந்திருப்பது ஒன்று. மற்ற ஐந்தின் சாவி அலுவலகத்தில் இருக்கிறது. மூன்று மாதமாகக் கேட்கிறோம். ஜெய்ஹிந்த். இறங்கிவிட்டாள். கோஷம் இல்லை, கண்ணீர் இல்லை. மைதானத்தில் அப்படி ஒரு அமைதியை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

பேட்ஜைப் பிடுங்க வேண்டும் என்று அன்று மத்தியானமே ஆசிரியர் கூட்டத்தில் பேச்சு வந்தது. மிகக் கடுமையாகப் பேசியவர் எங்கள் கணித ஆசிரியர். முப்பது வருட அனுபவம், லீவே எடுக்காதவர், பிள்ளைகள் மதிக்கும் மனிதர். “இன்றைக்குக் கழிப்பறை. நாளைக்கு, இந்த ஆசிரியர் சரியாக நடத்துவதில்லை என்று மேடையில் வாசிப்பார்கள். பழைய பள்ளியில் என் நண்பர் ஒருவர் பிள்ளைகள் கொடுத்த பொய்ப் புகாரால் ஊர் ஊராக மாற்றப்பட்டார். அவருக்கு யார் பதில் சொன்னார்கள்?” என்று கேட்டார். அவர் குரலில் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம் இருந்தது. அந்தப் பயத்தை நான் அலட்சியம் செய்ய மாட்டேன். ஆசிரியருக்கு மேலே இருப்பவர்கள் ஆசிரியரைக் கேட்பதில்லை. தனக்குக் கிடைக்காத மரியாதையைத் தனக்குக் கீழே இருப்பவனுக்குக் கொடுப்பது யாருக்கும் கஷ்டம்தான்.

அவருடைய கடைசிக் கேள்வியே எனக்கு வழி காட்டியது. பிரச்சினை பிள்ளைகள் பேசியதில் இல்லை, யாரும் பதில் சொல்லாததில் இருக்கிறது என்றேன். அறைக்குள் கேட்டதற்குப் பதில் கிடைத்திருந்தால் அவள் மேடை ஏறியிருக்க மாட்டாள். மன்றத்தின் நோட்டில் ஒவ்வொரு பக்கத்தையும் மூன்றாகப் பிரிக்கலாம். முதல் கட்டத்தில் கோரிக்கை. இரண்டாவதில் அதற்குப் பொறுப்பானவர். மூன்றாவதில் பதில், தேதியோடு, பதினைந்து நாளுக்குள். ‘முடியாது’ என்றும் எழுதலாம், ஆனால் காரணம் எழுத வேண்டும். தனிநபர் மீது புகார் என்றால் அது நோட்டில் வராது. நேராக பிரின்சிபாலிடம் போகும், சம்பந்தப்பட்டவரையும் கேட்ட பிறகே முடிவு. கணித ஆசிரியர் சற்று நேரம் யோசித்துவிட்டு, “கேட்ட பிறகே என்பதை எழுத்தில் போடுங்கள்” என்றார். போட்டோம். பேட்ஜ் பிழைத்தது.

அடுத்த வாரம் நாலு கழிப்பறைகள் திறந்தன. பத்தாவது நாள் மறுபடி இரண்டு குழாய் உடைந்தது. ‘பார்த்தீர்களா’ என்றது அலுவலகம். மன்றம் விசாரித்தது. ஆறாம் வகுப்பு வாண்டுகள் குழாயைப் பிடித்துத் தொங்கி விளையாடியிருக்கிறார்கள். மேல்வகுப்புப் பெண்கள் இடைவேளையில் முறைவைத்து நின்றார்கள். வாண்டுகள் ‘தீதி, தீதி’ என்று கெஞ்சிவிட்டு அடங்கினார்கள். அதன் பிறகு குழாய் உடையவில்லை. யோசித்துப் பார்த்தால் இதுவும் சட்டாம்பிள்ளை வேலைதான். ஆனால் தாங்கள் கேட்டு வாங்கியதைக் காப்பாற்ற நிற்பதும், யாரோ நிறுத்தி வைத்ததால் நிற்பதும் ஒன்றல்ல.

சனிக்கிழமை லீவுக்கு மூன்றாவது கட்டத்தில் ‘முடியாது’ என்று வந்தது. லீவு விட்டால் பாடத்திட்டம் எந்த மாதம் முடியும் என்று கணக்கும் போட்டிருந்தது. எழுதியவர் கணித ஆசிரியர். பிள்ளைகள் முணுமுணுத்தார்கள், கணக்கைச் சரிபார்த்தார்கள், ஒப்புக்கொண்டார்கள். கேட்டதெல்லாம் கிடைக்க வேண்டும் என்று அவர்கள் எதிர்பார்க்கவே இல்லை. தங்களுக்கு ஒரு காரணம் சொல்லப்பட வேண்டும் என்றுதான் எதிர்பார்த்தார்கள்.

அப்பா தொழிலைச் சொல்லிக் கூப்பிடும் ஆசிரியர் விஷயம் இவ்வளவு சுலபமாக முடியவில்லை. பிரின்சிபால் அவரை அழைத்துப் பேசினார். அவர் அதை நிறுத்திவிட்டு, ரோல் நம்பர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார். “பாதி தூரம் வந்துட்டார் மேடம்” என்று பிள்ளைகள் சிரித்தார்கள். வேலைப் பெயரில் ஒளிந்துகொண்டு எது வகுப்பறைக்குள் வருகிறது என்பது அவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதை ஒரு நோட்டுப் புத்தகத்தால் ஒழிக்க முடியாது. ஆனால் அது நடக்கிறது என்று சொல்ல ஓர் இடம் இருந்தது.

2015-ல் பிரின்சிபாலுக்கு மாற்றல் வந்தது. அடுத்து வந்தவர் கெட்டவர் அல்ல. மூன்று கட்ட நோட்டைப் புரட்டிவிட்டு, “இது எந்த சர்க்குலரில் இருக்கிறது?” என்று கேட்டார். எதிலும் இல்லை. அந்த வருடம் பழையபடி ஸ்டாஃப் ரூமிலேயே தலைவர்கள் தேர்வானார்கள்.

நான் சொல்ல வருவது இதைத்தான். மாணவர் குரல் என்பது ஒரு நல்ல பிரின்சிபாலின் தயவாக இருக்கும்வரை, அது மாற்றல் உத்தரவோடு ரயிலேறிவிடும். குழந்தை உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கை 1989-ல் வந்தது. 1992-ல் இந்தியா அதில் இணைந்தது. தங்களைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லவும், அந்தக் கருத்துக்கு உரிய மதிப்பைப் பெறவும் பிள்ளைகளுக்கு உரிமை உண்டு என்கிறது அதன் 12-வது பிரிவு. 2009-ன் கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோருக்குக் கொடுத்தது, பெரிய விஷயம். ஆனால் பிள்ளைகள்? மத்திய அரசின் 2010 மாதிரி விதிகளில், மீதமிருக்கும் கால் பங்கில் ஒரு மூன்றில் ஒரு பங்கு ‘உள்ளூர்க் கல்வியாளர்கள் அல்லது பள்ளிப் பிள்ளைகள்’ என்று போகிறபோக்கில் ஒரு வரி. அந்தச் சட்டமும் பதினாலு வயதோடு நின்றுவிடுகிறது.

கல்லூரித் தேர்தல்களுக்கு லிங்டோ குழுவின் பரிந்துரைகளை 2006-ல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. 1989 முதல் பதினெட்டு வயதில் நாட்டின் பிரதமரை முடிவு செய்ய ஓட்டு கிடைக்கிறது. ஆனால் பதினேழு வயதில் ஒரு குழாயை முடிவு செய்ய வழியில்லை. ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை நாம் பிள்ளைகளிடம் ஜனநாயகத்தைப் பற்றிப் பரீட்சை மட்டும் வைக்கிறோம்.

முடியாத காரியம் ஒன்றும் இல்லை. கேரளத்தில் பள்ளித் தலைவரைப் பிள்ளைகளே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பது வழக்கமான காட்சி. ராஜஸ்தானின் திலோனியாவில், பகலில் ஆடு மேய்த்துவிட்டு இரவுப் பள்ளிக்கு வரும் பிள்ளைகள் 1990-களிலேயே தங்களுக்கென்று ஒரு பாராளுமன்றம் வைத்து, ஆசிரியர் ஒழுங்காக வருகிறாரா, விளக்கு எரிகிறதா என்று கண்காணித்தார்கள். ஆடு மேய்க்கும் பிள்ளையை நம்ப முடிந்தது என்றால் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளையை நம்ப முடியாதா?

ஆனால் ஓட்டு மட்டும் போதாது என்றும் எனக்குத் தோன்றுகிறது. ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த பிறகும் பூங்கொத்து கொடுக்கத்தான் அனுப்புகிறார்கள் என்றால், நாம் தயாரிப்பது தேர்ந்தெடுக்கப்பட்ட சட்டாம்பிள்ளை. பள்ளி வாசலில் துருப்பிடித்துத் தொங்கும் புகார்ப் பெட்டியும் போதாது. அது பேச்சை வாங்கிக்கொள்ளும், திருப்பித் தராது. கேட்டதற்கு, இன்ன தேதிக்குள், இன்னார் பதில் எழுத வேண்டும் என்ற கட்டாயம் வேண்டும். அதற்கு நிதி ஒதுக்கீடு தேவையில்லை. ஒரு நோட்டும், மாநிலக் கல்வித் துறையிலிருந்து ஒரு சர்க்குலரும் போதும்.

அந்த கேங்மேனின் மகள் 2013 நவம்பரில் சட்டசபைத் தேர்தலில் முதல் ஓட்டுப் போட்டாள். சில மாதம் கழித்து என்னைப் பார்க்க வந்தவள், தங்கள் தெருக் குழாயைப் பற்றி நகராட்சியில் மனு கொடுத்ததைச் சொன்னாள். மனுவை வாங்கி வைத்த கிளார்க்கிடம், “எந்தத் தேதிக்குள்ள பதில் வரும்?” என்று கேட்டாளாம். அவர் நிமிர்ந்து பார்த்தாராம்.

அடுத்த பெற்றோர்-ஆசிரியர் கூட்டத்துக்குப் போகும்போது, மார்க் ஷீட்டைப் பார்த்த பிறகு ஒரு நிமிடம் ஒதுக்குங்கள். இந்த வருடம் யார் ஹெட் பாய் என்று கேட்க வேண்டாம். பிள்ளைகள் இந்த வருடம் என்ன கேட்டார்கள், பள்ளி என்ன பதில் சொன்னது என்று கேளுங்கள். எழுத்தில் காட்டச் சொல்லுங்கள். காட்ட எதுவும் இல்லை என்றால், அடுத்த மாதமும் போய்க் கேளுங்கள்.